பதினான்கு வயதிலேயே அகாடமியிலிருந்து அனுப்பிவிடுவது அவசரமில்லையா?

வைகைக்கரையான்:
அனைவருக்கும் வணக்கம். மதுரை செல்லூரில் இருக்கும் என் அக்கா மகன், வெளிமாநிலத்திலுள்ள ஒரு கால்பந்து கிளப்பின் உறைவிட அகாடமியில் தங்கிப் பயின்று வந்தான். சென்ற மாதம் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த ஒரு பக்க அறிக்கையில் பந்துக் கட்டுப்பாட்டுக்கும் ஆட்ட அறிவுக்கும் நேரே ‘நன்று’ என்றும், உடல் வலிமைக்கு நேரே ‘போதாது’ என்றும் இருக்கிறது. டிசம்பரில் பிறந்தவன், வயது பதினான்கு, இன்னும் குரல்கூட உடையவில்லை. இங்கிலாந்தின் கோல் மன்னன் ஹாரி கேனையே சிறுவயதில் லண்டனின் ஆர்சனல் கிளப் வேண்டாமென்று அனுப்பியதுதானே என்று தெரிந்தவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அக்காவோ, போதும், இனிமேல் படிப்பைப் பார்க்கட்டும் என்கிறார். வளரும் பிள்ளைகளைக் கிளப்புகள் இவ்வளவு சீக்கிரம் கழித்துவிடுவது சரிதானா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ரேஸ்கோர்ஸ் லெஃப்ட் பேக்:
கேன் கதையைச் சொல்லி ஆறுதல் தேடாதீர்கள். ஆர்சனல் அனுப்பியபோது அவருக்கு எட்டு வயதுதான்; அந்த வயதில் யாராலும் எதையும் கணிக்க முடியாது. உங்கள் பையனுக்குப் பொருந்துவது இங்கிலாந்து அணியின் நடுக்கள ஆட்டக்காரர் டெக்லன் ரைஸின் கதை. லண்டனின் செல்சி கிளப் அவரைப் பதினான்கு வயதில் விடுவித்தது. அதே லண்டனில் இருக்கும் வெஸ்ட் ஹாம் உடனே எடுத்துக்கொண்டது. இன்னொரு இங்கிலாந்து ஆட்டக்காரர் எபெரெச்சி எஸேவை ஆர்சனல் பதின்மூன்று வயதில் விட்டது. பிறகு ஃபுல்ஹாம், ரெடிங், மில்வால் என்று பல இடங்களில் கழிக்கப்பட்டு, கடைசியில் 2025-இல் அதே ஆர்சனல் அவரைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது. ஒரு கதவு அடைத்தால் பேருந்து ஏறிப் போகும் தூரத்தில் இன்னொரு கதவு இருந்த ஊர் அது. இங்கே நாட்டின் முதன்மை ஆண்கள் லீக்கான இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் தமிழ்நாட்டுக் கிளப் என்று பார்த்தால் சென்னையின் எஃப்.சி. ஒன்றுதான். சேது எஃப்.சி. பெண்கள் அணி 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்று மதுரைக்குப் பெயர் வாங்கித் தந்தது உண்மைதான், ஆனால் அது உங்கள் பையனுக்கு உதவாது. எனவே, சீக்கிரம் அனுப்பினார்களா என்பதைவிட, அனுப்பிய பிறகு போக இடம் இருக்கிறதா என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

மேலூர் பி.இ.டி. வாத்தியார்:
இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணிப்பிலும் கோளாறு இருக்கிறது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பதினான்கு வயதுப் பையன்களில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், மற்றவன் குழந்தை முகத்தோடு இருப்பான். எலும்பு வளர்ச்சியை வைத்துப் பார்த்தால் அவர்களிடையே மூன்று நான்கு ஆண்டு இடைவெளிகூட இருக்கலாம். நம் நாட்டில் வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியை வைத்துக் கணக்கிடப்படுவதால், டிசம்பர் பிள்ளை ஏறக்குறைய ஓராண்டு மூத்தவனோடு மோதுகிறான். போதாக்குறைக்குப் பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வருபவர்கள் வேறு. அவர்களுக்கு நடுவில் நேர்மையாக வயது சொன்னவன்தான் சோனியாகத் தெரிவான். வயது மோசடியைப் பிடிக்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிக்கிறார்களே, அதே படத்தை வைத்து, இவன் இன்னும் வளர வேண்டியவன், பொறுத்துப் பார்ப்போம் என்று ஒரு கிளப்பாவது முடிவெடுக்கக் கூடாதா? பெல்ஜியம் கால்பந்து சங்கம் தாமதமாக வளரும் சிறுவர்களுக்கென்றே தனி இளையோர் அணிகளை வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாடமிகளும் பிறந்த தேதியை ஒதுக்கிவிட்டு, வளர்ச்சி நிலையை வைத்துக் குழு பிரித்து ஆடவைத்துப் பார்த்திருக்கின்றன.

அடுத்த முறை தம்பி ஆடும்போது பந்தை விட்டுவிட்டு அவன் தலையைக் கவனியுங்கள். பந்து காலுக்கு வருமுன் இருபுறமும் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறானா? ஆட்ட அறிவைக் காட்டும் அந்தப் பழக்கம் இருந்தால் உயரத்துக்குக் காத்திருக்கலாம். திடீரென வளரும் மாதங்களில் கால் சொன்னபடி கேட்காது, முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கவும் செய்யும். அப்போது தினமும் ஓடச் சொல்லி வதைக்காதீர்கள்.

திண்டுக்கல் ஸ்டாப்பர்:
வாத்தியார் ஐயா சொல்வதற்கு மறுபக்கமும் உண்டு. என்னை ஓர் அகாடமி பதினெட்டு வயது வரை வைத்திருந்துவிட்டு, ஒப்பந்தம் இல்லை என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியது. அதற்குள் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிருந்தது. தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் கூடப் படித்தவர்கள் கல்லூரியைத் தாண்டிவிட்டார்கள். பொறுத்துப் பார்ப்போம் என்று கிளப் சொன்னால், பொறுப்பது யாருடைய ஆண்டுகளை என்றும் கேட்க வேண்டும். பதினான்கில் அனுப்பியது ஒருவகையில் நல்லதுதான். கோபம் இருந்தால் அந்த ‘போதாது’ என்ற ஒற்றைச் சொல்லின் மீது இருக்கட்டும். எவ்வளவு போதாது, எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்று எழுதியிருக்க வேண்டாமா?

வைகைக்கரையான்:
மூவருக்கும் நன்றி. அறிக்கையைத் தேதியோடு விளக்கமாகத் தரும்படி மின்னஞ்சல் எழுதப் போகிறேன். அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியை விடாமல் ஆட வழியுண்டா?

மேலூர் பி.இ.டி. வாத்தியார்:
உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் பதினோராம் வகுப்பிலும் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. அதற்குள் அவன் வளர்ந்திருக்கவும் கூடும். அதுவரை பள்ளி அணியில் குடியரசு தினப் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பையும் ஆடட்டும், சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். பந்தயப் பணத்துக்காகச் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடக் கூப்பிடுவார்கள். பெரிய ஆட்களோடு மோதவிடும் அந்த ஆட்டத்துக்கு இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். அக்காவிடம் நான் பேச வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்தான் இருப்பேன். தம்பியையும் பூட்ஸோடு அழைத்து வாருங்கள்.