இயற்பியலிலிருந்து அணு ஆயுதப் பரவல் தடை ஆய்வுக்குச் செல்வது எப்படி?

கேள்வி
முதுகலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். அணு ஆயுதப் பரவல் தடை, எரிசக்திக் கொள்கை இரண்டையும் சேர்த்து ஆராய விரும்புகிறேன்; வழிகாட்ட எங்கள் துறையில் எவரும் இல்லை. இதற்குப் பன்னாட்டு உறவுகளில் இன்னொரு பட்டம் வேண்டுமா, அல்லது இயற்பியலே போதுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1
இயற்பியலைக் கைவிடாதீர்கள். இயற்கை யுரேனியத்தில், எளிதில் பிளவுறும் வகையான யுரேனியம்-235 சுமார் 0.7 விழுக்காடுதான் உள்ளது. அதன் பங்கைக் கூட்டுவதே செறிவூட்டல். மின் உலைக்குத் தேவையான 4 விழுக்காட்டுக்கு அதை உயர்த்தும்போதே, ஆயுதத்துக்குரிய 90 விழுக்காட்டை எட்டுவதற்கான உழைப்பில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஈரானுடனான 2015 உடன்பாடு செறிவூட்டலை 3.67 விழுக்காட்டோடு நிறுத்தியது மட்டுமன்றி, கையிருப்புக்கும் வரம்பு விதித்தது ஏன் என்பது இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தவருக்குத்தான் முழுமையாக விளங்கும்.

மறுமொழி 2
கணக்கோடு ஆவணங்களும் வேண்டும். கூடங்குளம் உலைகள் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் உள்ளன. கல்பாக்கத்தின் மின் உலைகளும், மின்சாரத்தோடு புதிய புளூட்டோனியத்தையும் உருவாக்கும் வகையான 500 மெகாவாட் வேக ஈனுலையும் அதற்கு வெளியே உள்ளன. 2006இல் இந்தியா தன் அணு நிலையங்களைக் குடிமைப் பயன்பாட்டுக்கு உரியவை, மற்றவை எனப் பிரித்தபோது எடுத்த முடிவு அது. ஈனுலையின் எரிபொருளில் புளூட்டோனியம் உண்டு; முகமையோ ஓர் ஆயுதத்துக்கு 8 கிலோ புளூட்டோனியம் போதும் என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. ஆகவே அந்த உலையை மின்சாரத் திட்டமாக மட்டும் ஆராய்பவர் பாதியைத்தான் பார்க்கிறார் என்பது என் உறுதியான கருத்து.

எம். வி. ரமணாவின் பாதையைக் கவனியுங்கள். கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், இன்று பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுக் கொள்கைத் துறைப் பேராசிரியர். அவரும் அலெக்சாண்டர் கிளேசரும் 2007இல் வெளியிட்ட கட்டுரை, இந்த ஈனுலையால் ஆண்டுக்குச் சுமார் 140 கிலோ ஆயுதத்தரப் புளூட்டோனியத்தை உருவாக்க இயலும் என மதிப்பிட்டது. உலை இயற்பியல் தெரியாமல் அக்கட்டுரையை எழுதியிருக்க முடியாது.

கேட்டவர்
மிக்க நன்றி. அந்த மதிப்பீட்டை மறுபடி கணக்கிடுவதையே இறுதிப் பருவ ஆய்வேடாக எடுத்துக்கொள்ளலாமா? மேற்படிப்புக்கு நிதியுதவி கிடைக்குமா?

மறுமொழி 2
தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், பொதுவெளியில் உள்ள தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடு அது. எந்த ஊகத்தை மாற்றினால் விடை எவ்வளவு நகர்கிறது என்பதைக் காட்டினாலே அது உங்கள் சொந்தப் பங்களிப்பாகிவிடும். நிதிக்கு, முகமை 2020இல் தொடங்கிய மேரி ஸ்க்வடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகையைப் பாருங்கள். அது முதுகலை பயிலும் பெண்களுக்கானது. பரவல் தடைப் படிப்புகளும் அதில் அடங்கும்.