கணினி அணி இளம் வீரரை மேலேற்றாதது ஏன்?

குழுவினருக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன்; இங்கு பேஸ்பால் பற்றிக் கேட்க ஆள் இல்லை என்பதால் உங்களிடம் வந்திருக்கிறேன். நான் ஆடும் பேஸ்பால் மேலாண்மை விளையாட்டில், கணினி நடத்தும் அணி ஒன்று, டிரிப்பிள்-ஏ நிலையில் (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள லீக்) இரண்டு பருவங்களாக வெளுத்துக்கட்டும் 24 வயது ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) அங்கேயே முடக்கிவிட்டு, கால் தளர்ந்துபோன 37 வயதுக்காரரையே நாள்தோறும் களமிறக்குகிறது. உண்மையான மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்ச நிலை பேஸ்பால் லீக்) 172 நாட்கள் அணியில் இருந்தாலே ஓராண்டுச் சேவையாகக் கணக்கிடப்படுவதால், சில வாரங்கள் தாமதித்து ஏற்றி, அந்த எண்ணிக்கையை எட்டவிடாமல் செய்து, வீரர் மீதான உரிமையை ஓராண்டு நீட்டித்துக்கொள்ளும் தந்திரம் உண்டு. ஆனால் இரண்டு பருவத் தாமதத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தவில்லை. மேஜர் லீக்கில் ஆடத் தகுதியுள்ளவர்களுக்கான 40 பேர் பட்டியலிலும் இடம் காலியாகவே இருக்கிறது. மூத்தவரின் பெரிய சம்பளத்தைப் பார்த்துக் கணினி தயங்குகிறதா, அல்லது ஆட்டப் புள்ளிவிவரங்களைவிடத் திறன் மதிப்பெண்ணுக்கே கூடுதல் எடை தரும்படி என் அமைப்புகள் உள்ளனவா? நானே கையால் ஏற்றிவிடலாம்தான். அது கள்ளாட்டம் போலத் தோன்றுகிறது. எந்த அமைப்பை மாற்றிப் பார்க்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.