தேர்தல் அக்டோபரில் டிவி விளம்பரமும், கட்சி மாறிய அக்கம்பக்கமும்: உங்கள் அனுபவம் என்ன?

ஈரி, பென்சில்வேனியாவிலிருந்து:

2024 தேர்தல் சமயத்தில் பென்சில்வேனியாவில் இருந்தவர்கள் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும். என்னுடையதைச் சொல்லி ஆரம்பித்து வைக்கிறேன், அப்புறம் நீங்கள் எழுதுங்கள்.

எங்கள் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒபாமாவுக்கு இரண்டு முறை போட்டது. 2016-ல் டிரம்ப், 2020-ல் பைடன், 2024-ல் மறுபடி டிரம்ப். 2016-லும் 2020-லும் வித்தியாசம் இரண்டாயிரம் ஓட்டுகூட இல்லை. இப்படிப்பட்ட ஊரை விளம்பரக்காரர்கள் சும்மா விடுவார்களா? செப்டம்பர் பாதி தாண்டியதும் கார் விற்பவர், மெத்தை விற்பவர், விபத்து வழக்கு வக்கீல் எல்லாரும் திரையிலிருந்து காணாமல் போவார்கள். மாலைச் செய்தியில் பாதி நேரம் யாராவது ஒருவர் இன்னொருவரை கறுப்பு வெள்ளைப் படத்தில் கோணல் முகமாகக் காட்டிக்கொண்டிருப்பார்.

எதிர் வீட்டுப் பெரியவர் ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பார்க்க என்னைக் கூப்பிடுவார். ஈரி, பஃபலோவுக்கும் கிளீவ்லாந்துக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் நடுவில் இருப்பதால் ஒரே தெருவில் மூன்று அணிக்கும் ரசிகர்கள் உண்டு, அவர் பஃபலோ கட்சி, அதில் மட்டும் அவர் இதுவரை மாறியதே இல்லை. அரசியலில் மேலே நான் சொன்ன கவுண்டிக் கணக்கு அப்படியே அவருடைய கணக்கு. ஒபாமா இரண்டு முறை, டிரம்ப், பைடன், டிரம்ப்.

விளம்பரம் வந்தால் ரிமோட்டில் சத்தத்தை அணைத்துவிடுவார். அணைத்தாலும் கண் திரையில்தான் இருக்கும், அது விளம்பரம் எடுப்பவர்களுக்கும் தெரியும், அதனால்தான் வரிகளைப் பெரிய பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இவர் அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் பொடி எழுத்தில் ஓடும் 'இதற்குப் பணம் கொடுத்தது' என்ற வரியைப் படிப்பார். "பெயரில் அமெரிக்கா, எதிர்காலம், குடும்பம் என்று வந்தால் எவனோ கோடீஸ்வரன் காசு" என்பார். தபாலில் வரும் பளபள அட்டைகளைத் தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். பழைய லாரி எண்ணெய் ஒழுகுகிறதாம், கராஜில் கீழே விரிக்க.

ஒரு நாள் செனட்டர் பாப் கேசியின் விளம்பரம் வந்தது. கேசி ஜனநாயகக் கட்சிக்காரர், மூன்று முறை ஜெயித்தவர், அப்பா இங்கே கவர்னராக இருந்தவர். அந்த விளம்பரத்தில், ஃபிராக்கிங்கை, அதாவது பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் தொழிலை, காப்பாற்ற கேசி பைடனையே எதிர்த்தார், நாஃப்டா என்ற மெக்சிகோ, கனடா வர்த்தக ஒப்பந்தத்தை முடிக்கவும் சீனப் பொருளுக்கு வரி போடவும் டிரம்ப் பக்கம் நின்றார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பெரியவர் அன்றைக்கு மட்டும் சத்தத்தை அணைக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "இவனே அவனோடு சேர்ந்தேன் என்கிறான். அப்புறம் நடுவில் இவன் எனக்கு எதற்கு?" என்றார். கேசி கடைசியில் சுமார் 70 லட்சம் ஓட்டு பதிவான இடத்தில் பதினைந்தாயிரம் சொச்சத்தில் தோற்றார்.

அவர் அந்த விளம்பரத்தால் மாறவில்லை, இது எனக்கு நிச்சயம். தொழிற்சாலை வேலைகள் டெக்சாஸ் போன காலத்திலேயே மாற ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து கை குலுக்கிவிட்டுப் போனதும், பேரன் வேலை தேடி வெளியூர் போனதும், 2022-ல் ஏறிய மளிகை பில்லும்தான் அவர் பேச்சில் திரும்பத் திரும்ப வரும். விளம்பரம் அவரைப் போன்றவர்களை மாற்றியது என்று சொல்வதைவிட, மாறிப் போனவர்களைத் துரத்திக்கொண்டு விளம்பரம் ஓடியது என்று சொல்வேன். உங்கள் பக்கம் எப்படி?

ஹாரிஸ்பர்க் பக்கத்திலிருந்து:

அண்ணா, நீங்கள் பார்த்தவர், நான் போட்டவன் :) ஒரு உள்ளூர் சேனலில் விளம்பரங்களை நேரம் பிரித்து வரிசைப்படுத்தும் பிரிவில் வேலை. அந்த மெத்தைக் கடைக்காரரைக் காணாமல் போகச் செய்த பாவிகளில் நானும் ஒருவன்.

இது எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பொதுத் தேர்தலுக்கு 60 நாள் முன்பிலிருந்து வேட்பாளருக்கு அந்த நேரத்தின் மிகக் குறைந்த கட்டணத்தில்தான் விற்க வேண்டும், சட்டம். சூப்பர் பேக் எனப்படும் வெளிக் குழுக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. செய்தி நடுவே ஒரே முப்பது வினாடிக்கு வேட்பாளர் கொடுப்பதைப் போலப் பல மடங்கு அவர்கள் கொடுப்பார்கள், கொடுத்தும் இடம் கிடைக்காது. செனட், ஜனாதிபதி, காங்கிரஸ் என்று எல்லாமே ஒரே நேரத்தில் வந்து நிற்கும். 2024-ல் இந்த மாநிலத்தில் எல்லாத் தேர்தல்களும் சேர்த்து விளம்பரத்துக்கு மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் போனது. செனட் ஒன்றுக்கே 30 கோடிக்கு மேல். இதெல்லாம் ரகசியமில்லை, யார் எந்த நேரத்தை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்ற கோப்பை ஒவ்வொரு சேனலும் பொதுவில் வைக்க வேண்டும், ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்சிசியின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்ப்பவர்கள் யார் என்று கேட்டால், எதிர்க் கட்சிக்காரர்கள்.

அக்டோபரில் எங்கள் அலுவலகத் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை. ஒரு அம்மா நன்றாக நினைவிருக்கிறார். "இது பச்சைப் பொய் என்று உங்களுக்கும் தெரியும், ஏன் போடுகிறீர்கள்?" என்று பிடித்துக்கொண்டார். வேட்பாளர் நேரடியாகக் கொடுக்கும் விளம்பரத்தில் நாங்கள் ஒரு வார்த்தைகூட வெட்ட முடியாது, மறுக்கவும் முடியாது என்று சொன்னேன். வெளிக் குழு கொடுத்தால் மறுக்கலாம், அதில் அவதூறு இருந்தால் எங்கள் மேலும் வழக்கு வரும், அதனால் வக்கீல் பார்ப்பார். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ பொய் சொல்ல வேட்பாளராக நிற்க வேண்டும், அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்கள் பிரிவில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

எங்களுக்குத் தெரிந்த வரை அந்த வருஷம் மக்கள் வாயில் நின்ற விளம்பரங்கள் எல்லாம் டிரம்பை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸின் சொந்தக் குரலை வைத்துச் செய்தவைதான். 2019-ல் ஃபிராக்கிங்கைத் தடை செய்ய ஆதரவு என்று அவர் சொன்ன துண்டு, சிறைக் கைதிகளின் பாலின மாற்று சிகிச்சை பற்றிச் சொன்ன துண்டு. இரண்டாவது ஃபுட்பால் நடுவே ஓயாமல் ஓடியது. ஃபிராக்கிங்கைத் தடை செய்ய மாட்டேன் என்று அவர் 2024-ல் எத்தனை தடவை சொன்னாலும், பழைய வீடியோவுக்குத்தான் மதிப்பு. ஆனால் இதைப் பார்த்து எத்தனை பேர் மாறினார்கள் என்று கேட்டால் விற்கிற எங்களுக்கும் தெரியாது, வாங்குகிறவர்களுக்கும் தெரியாது. எதிரி வாங்குகிறான், நாம் வாங்காமல் விட்டால் எப்படி என்ற பயத்தில்தான் பாதி வியாபாரம்.

செர்ரி ஹில், நியூ ஜெர்சியிலிருந்து:

எங்கள் கொடுமை தனி. எந்தக் கட்சிக்கும் போகலாம் என்கிற ஊசலாடும் மாநிலமே இல்லை நாங்கள், ஆனால் எங்களுக்கு வருவது ஃபிலடெல்பியா சேனல்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரனை மனம் மாற்றக் கொட்டிய விளம்பரம் முழுவதையும் நாங்களும் பார்த்தோம், எங்களால் ஓட்டுப் போட முடியாத கேசியும் அவரை எதிர்த்து நின்ற மெக்கார்மிக்கும் கனவில் வந்தார்கள். டெலவேர்க்காரர்களுக்கும் இதே கதிதான்.

ஆனால் ஈரி நண்பர் சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். பென்சில்வேனியா 2020-லிருந்து 2024-க்கு டிரம்ப் பக்கம் நகர்ந்தது சுமார் 3 சதவீதப் புள்ளி. யாரும் சீந்தாத நியூ ஜெர்சி நகர்ந்தது சுமார் 10 புள்ளி! பைடன் 16 புள்ளியில் ஜெயித்த இடத்தில் ஹாரிஸ் 6 புள்ளியில் ஜெயித்தார். வடக்கே பசேயிக் கவுண்டி டிரம்புக்கே போய்விட்டது, அங்கே வருவது நியூயார்க் சேனல்கள், இந்த ஜனாதிபதி விளம்பரமெல்லாம் கிடையாது. அங்கே மருந்துக் கடை வைத்திருக்கும் என் மாமா, "எங்கள் தெருவில் ஒரு பலகைகூட இல்லை, ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை, எல்லாரும் சத்தம் இல்லாமல் மாறிவிட்டார்கள்" என்றார். விளம்பரம் ஓடிய இடத்தில் சரிவு குறைவு என்றும் இதைப் படிக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

செஸ்டர் கவுண்டி, பென்சில்வேனியாவிலிருந்து:

எல்லாரும் ஒரே திசையில் மாறிய கதையையே சொல்கிறீர்கள். எங்கள் பக்கம் நேர் எதிர். 2012-ல் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி ராம்னிக்குப் போட்ட கவுண்டி இது, 2016-லிருந்து ஜனநாயகக் கட்சிப் பக்கம்.

நான் நடைப்பயிற்சி போகும் பாதையில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை வருவார். ரீகன் காலத்திலிருந்து குடியரசுக் கட்சிப் பதிவு, இன்னமும் மாற்றவில்லை. மாற்றினால் கட்சியின் பிரைமரியில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில், ஓட்டுப் போட முடியாதே, இங்கே பதிவு செய்த கட்சிக்கு மட்டும்தான் பிரைமரி ஓட்டு. 2024 ஏப்ரலில், கட்சிக்குள் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி போட்டியிலிருந்து விலகிய பிறகும் இந்த மாநிலத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அவருக்குப் போட்டார்களே, அதில் இவரும் ஒருவர். அதற்கப்புறம் அவருக்கு விளம்பர மழை. கைபேசியைப் பார்த்துச் சாதாரண மனிதர்கள் 'நானும் உங்களைப் போல வாழ்நாள் குடியரசுக் கட்சிக்காரன்' என்று பேசுகிற விளம்பரங்கள் வந்தனவே, அந்த வகை. "ஸ்டுடியோ லைட் இல்லாமல், சமையலறையில் பாத்திரம் கிடக்கிற பின்னணியில் பேசுகிறார்கள், அதனால் கடைசி வரை பார்க்கிறேன்" என்றார். அக்டோபர் 21-ந் தேதி, டிரம்பை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர் லிஸ் செனியோடு ஹாரிஸ் எங்கள் கவுண்டி மால்வெர்னுக்கே வந்தார். போனீர்களா என்று கேட்டேன். "எனக்கு முன்பே தெரிந்ததைச் சொல்ல எதற்கு அவ்வளவு போலீஸ்" என்றார். அவர் முடிவு, டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த 2021 ஜனவரி 6 அன்றே ஆகிவிட்டது, அதற்கப்புறம் வந்த விளம்பரமெல்லாம் அவருக்கு ஆறுதல்தான்.

நம்மவர்கள் பற்றி ஒரு வரி. அந்த அக்டோபரில்தான் கவர்னர் ஷப்பிரோ தீபாவளியை மாநில விடுமுறையாக அங்கீகரிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், கோயில் வாசலில் இரண்டு கட்சி நோட்டீஸும் கொடுத்தார்கள். ஹாரிஸின் அம்மா தமிழ்ப் பெண் என்று பெருமையாகப் பேசிய அதே பந்தியில், வரி, எல்லை, கிரீன் கார்டு வரிசை என்று அடுக்கி டிரம்புக்குத்தான் போட்டேன் என்று சொன்ன ஒரு அண்ணனும் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

யங்ஸ்டவுன், ஒஹாயோவிலிருந்து:

உங்கள் புலம்பலைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. 2012-ல் நாங்கள்தான் இந்தக் கூத்தின் நடு மேடை. ராம்னி நடத்திய பெயின் கேப்பிடல் நிறுவனத்தால் வேலை போனவர்கள் வந்து பேசும் விளம்பரங்கள் காலை முதல் இரவு வரை. 1964 முதல் 2016 வரை ஒஹாயோ யாருக்குப் போடுகிறதோ அவர்தான் ஜனாதிபதி, அதனால் பிரசார விமானம் இறங்காத வாரம் கிடையாது. 2016-லும் 2020-லும் டிரம்ப் 8 புள்ளியில் ஜெயித்தார், 2024-ல் 11. கடை மூடியாயிற்று, ஜனாதிபதி வேட்பாளர்கள் இப்போது எங்களுக்குக் காசு செலவழிப்பதில்லை.

எங்கள் ஊர் எப்போது மாறியது என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒரு தேதி சொல்வார்கள். வயதானவர்கள் 1977 செப்டம்பர் 19 என்பார்கள், யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் ஆலையை மூடுவதாக அறிவித்த திங்கட்கிழமை. அதற்கப்புறமும் நாற்பது வருஷம் இந்தப் பள்ளத்தாக்கு ஜனநாயகக் கட்சிக்குத்தான் போட்டது என்பதை மறந்துவிடுவார்கள். எங்கள் மஹோனிங் கவுண்டி 1972 நிக்சனுக்கு அப்புறம் குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளருக்குப் போனது 2020-ல்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், 2017-ல் டிரம்ப் இங்கே வந்து வேலையெல்லாம் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் பக்கத்து ஊர் லார்ட்ஸ்டவுன் கார் ஆலை நின்றது. அதற்கடுத்த தேர்தலில்தான் கவுண்டி அவருக்குப் போனது!

என் கடைக்கு வரும் ஒருவர் அந்த ஆலையில் இருந்தவர், வீட்டை விற்காமல் வைத்திருந்தவர். அந்தப் பேச்சையே எடுத்து ஜனநாயகக் கட்சிக்காரர்கள் விளம்பரமாகப் போட்டார்களே, பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். "அவன் பொய் சொன்னான், ஆனால் என்னிடம் சொன்னான். மற்றவன் என்னிடம் பேசவே இல்லை" என்றார். இதற்கு என்ன பதில் விளம்பரம் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

2024-ல் எங்களுக்கு வந்தது பெரும்பாலும் செனட் விளம்பரம்தான், ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷெராட் பிரவுன், குடியரசுக் கட்சி மொரேனோ. அந்த ஆண்டின் மிகச் செலவான செனட் போட்டி அது. ஹாரிஸைவிட நன்றாக ஓட்டு வாங்கியும் பிரவுன் தோற்றார். 2026-ல் குடியரசுக் கட்சி செனட்டர் ஹஸ்டட்டை எதிர்த்து அவரே மறுபடி களத்தில், அதனால் எங்கள் டிவிக்கும் கொஞ்சம் மவுசு. கேபிளை நிறுத்திவிடலாம் என்று வீட்டம்மா சொல்கிறார். ஹாரிஸ்பர்க் தம்பி, ஸ்ட்ரீமிங்கில் வீட்டு முகவரி பார்த்தே விளம்பரம் அனுப்புகிறார்களாமே, உண்மையா?