புதுப்பிப்பு: கடலூரில் வளர்ப்புப் பராமரிப்பு – குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள்

திருமணமாகாத 41 வயதுப் பெண் நான், ஒரு குழந்தையைத் தற்காலிகமாக வளர்க்க முடியுமா, யாரைப் பார்ப்பது என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"குழந்தைகள் இல்லங்களுக்கு நேராகப் போகாதீர்கள், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் பலித்தது. வளர்ப்புப் பராமரிப்புக்கான மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல்படி 35 முதல் 60 வயது வரை தனியாக இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

அடையாளச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, காவல்துறை சரிபார்ப்பு எல்லாம் கொடுத்தேன். அப்புறம் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். நான் எதிர்பார்க்காதது, என்னைவிட அம்மாவிடம்தான் அதிக நேரம் பேசினார்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் சம்மதமா என்பது அவர்களுக்கு முக்கியம். அதனால் பெரியவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். கடைசியில் ஆணை தருவது குழந்தைகள் நலக் குழு.

இது தத்தெடுப்பு இல்லை. சொந்தக் குடும்பத்துக்குத் திரும்பும் சூழல் வந்தால் அனுப்பத்தான் வேண்டும். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு.

அவளுக்கு எட்டு வயது. முதல் வாரம் முழுக்கச் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. நேற்று அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில், வாசலில் விட்டிருந்தாள்.

படம் கேட்டவர்களுக்கு: குழந்தையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் அனுமதிக்காது, மன்னியுங்கள்.