கிரிஃபித் மதிப்பீட்டில் ஒரே பெயரில் பல பேர்: நம் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

வேர்தேடி:
அயர்லாந்தின் கெர்ரி கவுண்டியிலிருந்து 1860-களின் கடைசியில் அமெரிக்கா போன ஒருவரின் குடும்பத்தைத் தேடுகிறேன். அப்பா பெயர் ஜான் சல்லிவன். ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் கிரிஃபித் மதிப்பீட்டை (பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரிக்காக அயர்லாந்து முழுக்க எடுத்த நில, வீட்டு மதிப்புப் பட்டியல்) திறந்து பெயரைப் போட்டால், கெர்ரியில் மட்டுமே பக்கம் பக்கமாக ஜான் சல்லிவன் வருகிறார். இதில் எவர் நம் ஆள் என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று: முதல் கட்டத்தில் எண்ணோடு பெரிய எழுத்து ஏ, சின்ன எழுத்து ஏ என்றெல்லாம் இருக்கிறதே, அது என்ன? வரைபடத்தில் அந்த எண்ணைத் தேடினால் வேறு எங்கோ காட்டுகிறது.

பழைய_கணக்கு:
பெயரைப் போட்டுத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கெர்ரியில் சல்லிவன் என்று தேடினால் கரை சேர முடியாது. முதலில் டவுன்லேண்ட் தெரிய வேண்டும். பேரில் டவுன் இருந்தாலும் அது நகரம் இல்லை, அயர்லாந்து நிலக்கணக்கின் கடைசி அலகு. சில நூறு ஏக்கர் இருக்கும், பத்து இருபது வீடு இருக்கும். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு. ஒரே பெயர் பல கவுண்டிகளில் வரும் என்பதால் அது அடங்கும் பெரிய நிர்வாகப் பிரிவுகளான சிவில் பாரிஷ், பாரனி, ஏழையர் சட்ட யூனியன் மூன்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டல் குழப்பினால் அயர்லாந்து இடப்பெயர்களுக்கான லோகெய்ன்ம் தளத்தில் பார்க்கலாம்.

டவுன்லேண்டை அமெரிக்க ஆவணத்தில் தேடுவதைவிட ஐரிஷ் ஞானஸ்நானப் பதிவில் தேடுவது நல்லது. கத்தோலிக்கப் பாரிஷ் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாகத் தருகிறது. சுமார் 1880 வரை இருக்கும். பல பதிவேடுகளில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்திலேயே டவுன்லேண்ட் இருக்கும். அமெரிக்கா போனவருக்கு மட்டும் பார்க்காமல் அண்ணன், தங்கை எல்லோருக்கும் பாருங்கள். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் வரும். அந்தப் பெயர்தான் ஒரு ஜான் சல்லிவனை இன்னொருவரிடமிருந்து பிரிக்கும். ஆனால் கத்தோலிக்கப் பாரிஷும் சிவில் பாரிஷும் ஒன்றல்ல, எல்லைகள் ஒத்துப்போகாது. இங்கேதான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள்.

ஊர் கிடைத்ததும் அந்த டவுன்லேண்டின் முழுப் பக்கத்தையும் அசல் அச்சுப் படத்தில் படியுங்கள். தேடல் முடிவில் வரும் ஒற்றை வரி போதாது. வரிகள் வரைபட எண் வரிசையில் இருப்பதால் பட்டியலில் அடுத்தடுத்து வருபவர்கள் பெரும்பாலும் நிலத்திலும் அக்கம்பக்கத்தார். ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோராக நின்றவர்களின் குடும்பப்பெயர் அங்கே தென்பட்டால் பிடி இறுகுகிறது.

குறியீடு: எண் என்பது ஒரு பிடிமானம், அதாவது ஒருவர் பெயரில் உள்ள நிலம் அல்லது வீடு. பெரிய எழுத்துகள் அதே ஆள் தனித்தனியாக வைத்திருக்கும் துண்டுகள். 7 பெரிய ஏ, 7 பெரிய பி என்றால் ஒருவருக்கே இரண்டு இடத்தில் நிலம். சின்ன எழுத்து வீட்டைக் குறிக்கும். 7 சின்ன ஏ விவசாயியின் வீடு, 7 சின்ன பி அவர் நிலத்தில் குடியிருக்கும் கூலிக்காரர் வீடு என்பது வழக்கமான அமைப்பு. அந்தக் கூலிக்காரருக்கு நேரே ‘நேரடியாகக் குத்தகைக்கு விட்டவர்’ கட்டத்தில் ஜமீன்தார் பெயர் வராது, விவசாயியின் பெயரே வரும். உங்கள் ஜான் இப்படி ஒரு வீட்டு வரியில் மட்டும் இருந்தால் ஜமீன் ஆவணங்களில் அவரைத் தேடிப் பயன் குறைவு.

பல பெயர்களைச் சேர்த்து ஓர் அடைப்புக்குறி போட்டிருந்தால் கூட்டுப் பிடிமானம். பரப்பு மொத்தமாக ஒருமுறை, மதிப்பு மட்டும் ஆளுக்குத் தனியாக இருக்கும். அவர்கள் ஒரே குடும்பத்தின் கிளைகளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் அதுவே சான்றாகாது. ஒரே டவுன்லேண்டில் இரண்டு ஜான் இருந்தால் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரோ பட்டப்பெயரோ போட்டிருப்பார்கள். தேடல் அட்டவணையில் அது விடுபட்டிருக்கலாம், அச்சுப் பக்கத்தில் இருக்கும்.

வரைகோல்:
வரைபடச் சிக்கலுக்கு: தளத்தில் உள்ள வரைபடங்கள் பல இடங்களில் அச்சுப் புத்தகத்துக்குப் பிந்தைய திருத்தக் காலத்தவை. இடையில் எண்களை மாற்றியிருப்பார்கள். அதனால் எண்ணை நம்பாமல் பரப்பை வைத்துப் பாருங்கள். 23 ஏக்கர் 2 ரூட் 15 பெர்ச் என்று இருந்தால் (40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர்) ஏறத்தாழ அந்த அளவுள்ள, அதே பக்கத்து ஆட்களை ஒட்டிய துண்டு எது என்று தேட வேண்டும். ஆறு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவுள்ள வரைபடம் என்பதால் தனி வீடுகூடக் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

தைத் அப்ளாட்மென்ட் புத்தகங்களோடு (திருச்சபைக்கான வரிக் கணக்கு, 1823 முதல் 1837 வரை) ஒப்பிடுபவர்கள் கவனிக்க: கிரிஃபித்தில் ஸ்டாட்யூட் ஏக்கர் (வழக்கமான ஆங்கிலேய ஏக்கர்), தைத்தில் பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர். ஓர் ஐரிஷ் ஏக்கர் சுமார் 1.62 ஸ்டாட்யூட் ஏக்கர். தைத்தில் 10 ஏக்கர் வைத்திருந்தவர் கிரிஃபித்தில் 16 ஏக்கரோடு வந்தால் அவர் நிலம் எதுவும் வாங்கவில்லை, அதே நிலம்தான்!

வேர்தேடி:
இருவருக்கும் நன்றி. ஞானஸ்நானப் பதிவில் டவுன்லேண்ட் கிடைத்துவிட்டது. கிரிஃபித்தில் அங்கே ஒரே ஒரு ஜான் சல்லிவன். 1901 சென்சஸில் அதே ஊரில் டேனியல் சல்லிவன் என்று ஒருவர் இருக்கிறார். அவர் இந்த ஜானின் மகன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய_கணக்கு:
எடுத்துக்கொள்ளக் கூடாது, இடையில் நாற்பது ஐம்பது வருடம் இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பச் சென்சஸும் கிடையாது. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே அழித்தது, 1881, 1891 கணக்கெடுப்புகள் முதல் உலகப்போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி 1922-ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத்தோடு தீயில் போனது.

பாலமாக இருப்பவை திருத்தப் புத்தகங்கள். கிரிஃபித் அச்சானபின் யார் கையில் நிலம் இருக்கிறது என்று அலுவலர்கள் திருத்திக்கொண்டே வந்த கையெழுத்துப் பிரதிகள் அவை. பழைய பெயரை அடித்துப் புதுப்பெயரை மேலே எழுதுவார்கள், ஓரத்தில் ஆண்டு போடுவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு மை நிறம். ஆகவே சிவப்பு மையில் டேனியல் பெயர் இருந்தால் சிவப்பு மையில் எழுதிய ஆண்டைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் நீல எண்ணை அல்ல. கறுப்பு வெள்ளை நகல் கிடைத்தால் இது முழுக்கக் குழம்பிவிடும், வண்ண நகலே கேளுங்கள்.

ஜான், பிறகு அவர் விதவை, பிறகு டேனியல் என்று வரிசை வந்தால் உறவு வலுக்கிறது. ஆண்டு கிடைத்ததும் சிவில் பதிவில் ஜானின் மரணத்தைத் தேடுங்கள் (1864 முதல் உண்டு, ஐரிஷ் ஜீனியாலஜி தளம், இலவசம்). பெயர் மாற்றம் உடனே பதிவாகாது. ஆள் இறந்து சில வருடம் கழித்தும் பழைய பெயரே நிற்கும். அதனால் திருத்த ஆண்டிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். டேனியலின் திருமணப் பதிவில் அப்பா பெயர் இருக்கும், அதுதான் நேரடிச் சான்று. பக்கத்தில் எல்.ஏ.பி. என்று முத்திரை இருந்தால் நிலச் சட்டப்படி குடியானவரே நிலத்தை வாங்கிவிட்டார் என்று பொருள்.

கெர்ரிக்கான புத்தகங்கள் டப்ளினில் மதிப்பீட்டு அலுவலகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தவை. அந்த அலுவலகம் 2023 முதல் டால்ச்சா ஏரன் என்ற அரசு அமைப்பின் கீழ் இயங்குகிறது. அர்மா, டவுன் போன்ற வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்குக் கவலை இல்லை, பெல்ஃபாஸ்டில் உள்ள ப்ரோனி (வட அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம்) 1864 முதல் 1933 வரையான புத்தகங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

சான்றுகேள்:
ஒரு மாற்றுக் கருத்து. ஊரில் ஒரே ஜான் இருப்பதாலேயே அவர்தான் நம் ஆள் என்று முடிக்க வேண்டாம். கிரிஃபித்தில் நிலத்தையோ வீட்டையோ தன் பெயரில் வைத்திருந்தவர் மட்டும்தான் வருவார். அப்பா வீட்டில் இருக்கும் மணமான மகன், ஒண்டுக்குடித்தனக்காரர், பண்ணையில் தங்கி வேலை செய்பவர் யாரும் வர மாட்டார்கள். பெயர் இல்லை என்பதும் ஆள் இல்லை என்பதும் வேறு வேறு.

அச்சுப் பதிப்பின் ஆண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாடு முழுக்க 1847-ல் தொடங்கி 1864 வரை வெளியானது. களப்பணி அதற்கு முன்பே நடந்திருக்கும். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தை ஒட்டிய காலம், ஆட்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். அச்சுக்கு முந்தைய நிலையைப் பார்க்க அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் வீட்டுப் புத்தகம், வயல் புத்தகம், குத்தகைப் புத்தகம் ஆகியவற்றின் படங்கள் இருக்கின்றன. குத்தகைப் புத்தகத்தில் வருட வாடகையும் எந்த ஆண்டுக் குத்தகை என்பதும் கிடைத்தால், உங்கள் ஜான் அந்த நிலத்துக்கு எப்போது வந்தார் என்பதற்கே தடயம் வரும். எல்லா டவுன்லேண்டுக்கும் இவை மிஞ்சவில்லை, இருந்தால் அதிர்ஷ்டம்.

1901 சென்சஸில் டேனியலின் குடும்பப் படிவத்தோடு பி1 படிவத்தையும் (ஊரின் வீடுகள், கட்டடங்கள் பட்டியல்) திறந்து பாருங்கள். அதன் கடைசிக் கட்டத்தில் வீடு யாருடைய நிலத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். அங்கே டேனியல் பெயரே இருந்தால் திருத்தப் புத்தகத்தில் அவரைத் தேடலாம். வேறு பெயர் இருந்தால், தேட வேண்டியது அந்த வேறு பெயரை.