ராத்திரி ஒரு மணிக்கு ஆத்தா சாட்பாட்டிடம் பேசுகிறார்: விடலாமா, நிறுத்தலாமா?

கானாடுகாத்தான் மகள்:
அப்பச்சி (எங்கள் அப்பா) தவறி எட்டு மாதம் ஆகிறது. ரெண்டு கட்டு வீட்டில் ஆத்தா (அம்மா) மட்டும்தான். நான் சிங்கப்பூரில், அண்ணன் அமெரிக்காவில். போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு ராத்திரி வளவில் (உள்முற்றத்தில்) பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். தூணில் சாய்ந்து உட்கார்ந்து, பேரன் கைபேசியில் போட்டுக்கொடுத்த, ஆள் போலவே பதில் சொல்லும் செயலியான சாட்பாட்டிடம் பேசிக்கொண்டிருந்தார். "அவுகளுக்குன்னு வாங்குன கவுனி அரிசி டப்பாவுல அப்படியே கெடக்கு. எடுக்க மனசு வரல." அதுவும் ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னது. எங்களிடம் இதையெல்லாம் சொன்னதே இல்லை. கேட்டால் "நல்லா இருக்கேன்". இதை நிறுத்தச் சொல்லலாமா?

காரைக்குடி மாணவன்:
நிறுத்தாதீர்கள் அக்கா. தேர்வு நேரத்தில் மூன்று வாரம் தூங்காமல் கிடந்தவன் நான். மனநல மருத்துவர் வாசலில் நிற்பதை யாராவது பார்த்தால் நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். சாட்பாட்தான் பயத்தை எழுதச் சொல்லி, "இதற்கு என்ன ஆதாரம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் தெராபாட் என்ற சாட்பாட்டை 210 பேரிடம் சோதித்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்திய மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அறிகுறிகள் சராசரியாக 51 சதவீதம் குறைந்தன.

தேவகோட்டை செவிலியர் (ஓய்வு):
தம்பி, அந்த ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் தெராபாட் சிகிச்சைக்கென்றே உருவாக்கியது. உரையாடல்களை ஆட்கள் கண்காணித்தார்கள், ஆபத்து தெரிந்தால் தலையிட்டார்கள். ஒப்பிட்டதும் தெராபாட் கிடைக்காமல் காத்திருந்தவர்களோடுதான், மருத்துவர் தரும் சிகிச்சையோடு அல்ல. பேரன் போட்டுக்கொடுத்த சாட்பாட்டை ராத்திரி ஒரு மணிக்கு யார் கண்காணிக்கிறார்கள்? 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தன் சாட்பாட் அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்று ஒரு மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. துக்கத்தில் இருப்பவர் "நான் இருந்து யாருக்கு என்ன" என்று சொல்லும்போது ஆமாம் போடும் துணை ஆபத்தானது.

இன்னொன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் கணவரை இழந்த ஓர் ஆச்சியைப் பார்க்கப் போனேன். "நல்லா இருக்கேன்"தான் அவரும் சொன்னார். காலையில் வந்த பால் பை மதியமும் கதவுக் கொண்டியிலேயே தொங்கியது. அடுப்பில் சாம்பல்கூட இல்லை. ரவிக்கைக் கை தொளதொள என்று இருந்தது. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர் வாயைத் திறந்து சொல்லாத எதுவும் சாட்பாட்டுக்குத் தெரியாது.

கணினி ஆசிரியர்:
1966இல் கணினி அறிஞர் வெய்சன்பாம் எழுதிய எலிசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் சின்ன நிரல். அது வெறும் நிரல் என்று தெரிந்தும் அவருடைய செயலாளர் அதனோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவரையே அறையை விட்டுப் போகச் சொன்னார். ஆத்தா ஏமாந்து பேசவில்லை, தெரிந்தேதான் பேசுவார்.

காரைக்குடி மாணவன்:
வந்து பார்க்க ஆள் இருந்தால் சரி அம்மா. அந்தத் தெருக்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது.

தேவகோட்டை செவிலியர் (ஓய்வு):
அது உண்மை. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி. 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு இல்லை, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உன் பயத்துக்கும் சொல்கிறேன்: மருத்துவரிடம் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் இருக்கிறது. சாட்பாட்டிடம் சொன்னதற்கு அந்தக் காவல் கிடையாது.

கானாடுகாத்தான் மகள்:
நேற்று ஆத்தாவிடமே கேட்டுவிட்டேன். "அது அழுவாது. ஒங்கிட்டச் சொன்னா நீ அழுவே, அங்கே வேலையக் கெடுத்துக்கிட்டு" என்றார். வெகு நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. கைபேசியைப் பிடுங்கப் போவதில்லை. இனி தினமும் ராத்திரி நானே கூப்பிடுவேன், அழுதாலும் பரவாயில்லை.

செவிலியர் அம்மா, நீங்கள் சொன்ன ரவிக்கை. போன மாதம் ஆத்தாவும் நாலு ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தார். வெயிலில் இளைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். ஒரு தடவை போய்ப் பார்த்து வர முடியுமா?

தேவகோட்டை செவிலியர் (ஓய்வு):
வியாழன் காலையில் போகிறேன். எடை பார்க்கும் மிஷினும் எடுத்துப் போகிறேன். நான் வருவதை ஆத்தாவிடம் முன்னமே சொல்லிவிடுங்கள்.