செங்குத்தா எழும்புற ஜெட் ப்ராஜெக்ட் அத்தனை இருந்தும் பிரிட்டனோட ஹாரியர் போர் விமானம் மட்டும் எப்படி நிலைச்சு நின்னுச்சு?

வான்பித்தன்:
1950, 60கள்ல வந்த சோதனை விமானங்களைப் பத்தி கொஞ்ச நாளா படிச்சிட்டு இருக்கேன். ரயன் எக்ஸ்-13 வாலைக் கீழ வெச்சு நிமிர்ந்தபடியே மேல போயிருக்கு, பிரான்ஸ்ல கொலியோப்டர்னு வளையம் மாதிரி இறக்கையோட ஒன்னு, ஜெர்மனியோட விஜே 101சி ஒலி வேகத்தையே தாண்டிருக்கு, அப்புறம் பிரான்ஸோட மிராஜ் 3வி. இவ்வளவு பண்ணியும் கடைசில ஹாரியர்தானே நிலைச்சுது, ஏன்? அப்போ இஞ்சின்ல பவர் பத்தலையா?

டெல்டாவிங்:
பவர் இருந்துச்சு நண்பா, வெயிட்தான் கொன்னுருச்சு. மிராஜ் 3வில மேல தூக்க மட்டும் 8 குட்டி இஞ்சின், முன்னால போக தனியா ஒன்னு. அந்த எட்டும் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான் ஓடும், மத்த நேரம் பூரா வெட்டிச் சுமை, எரிபொருள் வைக்க வேண்டிய இடத்தையும் அதுவே அடைச்சுக்கும். 1966ல மாக் 2, அதாவது ஒலி வேகத்தைப் போல ரெண்டு மடங்கு தாண்டுச்சு, அதே வருஷம் விழுந்து நொறுங்குச்சு. ஹாரியரோட முன்னோடி பி.1127ல இருந்தது ஒரே ஒரு பெகாசஸ் இஞ்சின், திருப்பக்கூடிய நாலு நாசில் (காத்து வெளிய பீச்சுற குழாய் வாய்). முன் ரெண்டுல ஃபேன் காத்து, பின் ரெண்டுல சூடான எக்ஸாஸ்ட். கீழ திருப்பினா எழும்பும், பின்னால திருப்பினா பாயும், அதுக்கு பைலட் கையில த்ராட்டில் பக்கத்துலயே ஒரு லீவர், அவ்வளவுதான். இதோட மூல ஐடியா மிஷெல் விபோங்கிற பிரெஞ்சு இஞ்சினியரோடது, பிரிட்டன்ல பிரிஸ்டல் கம்பெனிக்காரங்க அதை எடுத்து செதுக்கினாங்க.

அப்புறம் சோவியத்தோட யாக்-38ஐ விட்டுட்டீங்க, அதுவும் சர்வீஸ்ல இருந்துச்சு. ஆனா அதுலயும் தூக்குறதுக்குன்னே தனியா 2 இஞ்சின், அதனால ரொம்ப தூரம் போகாது.

ககனம்:
கன்ட்ரோலைப் பத்தி யாரும் சொல்லலையே. அந்தரத்துல நிக்கிறப்ப இறக்கை மேல காத்தோட்டமே கிடையாது, சுக்கான் எதுவும் வேலை செய்யாது. அதனால இஞ்சின்ல இருந்து அழுத்தக் காத்தை எடுத்து மூக்கு, வால், இறக்கை நுனி வழியா பீச்சித்தான் பேலன்ஸ் பண்ணணும். 1954லயே ரோல்ஸ் ராய்ஸோட ஃப்ளையிங் பெட்ஸ்டெட்ங்கிற சோதனை வண்டி இறக்கையே இல்லாம ரெண்டு நீன் ஜெட் இஞ்சினை வெச்சு இப்படித்தான் பறந்து காட்டுச்சு. அதுல பறந்தவங்க தைரியத்தை நினைச்சா இப்பவும் மலைப்பா இருக்கு. மிராஜ் 3விக்கு முன்னோடியா வந்த பால்சாக் சோதனை விமானம் ரெண்டு தடவை விழுந்து ரெண்டு பைலட் உயிரை வாங்கிருக்கு, இது ஒன்னும் சாதாரண விஷயம் இல்ல.

இன்னொன்னு சூடான புகை. தரையில மோதித் திரும்பி இன்டேக்குள்ள (இஞ்சின் காத்தை இழுக்குற வாய்) போனா, த்ரஸ்ட், அதாவது தள்ளுவிசை, எப்ப தேவையோ அப்பப் பார்த்து இறங்கிரும். அதனாலதான் 1960 அக்டோபர்ல இங்கிலாந்துல டன்ஸ்ஃபோல்டுல பி.1127 முதல் தடவை எழும்பினப்ப, குழி வெட்டி மேல இரும்புக் கிராதி போட்டு, விமானத்தையும் கட்டி வெச்சுதான் சோதிச்சாங்க. ஓட்டின பில் பெட்ஃபோர்டுக்கு அப்ப கால்ல மாவுக்கட்டு!

வான்பித்தன்:
அருமை, ரொம்ப நன்றி. ஆனா அமெரிக்காவோட புது செங்குத்து விமானம் எஃப்-35பிலயும் தூக்க தனி ஃபேன் இருக்கே, அதுவும் வெட்டிச் சுமைதானே?

டெல்டாவிங்:
சுமைதான், ஆனா அது தனி இஞ்சின் இல்ல, மெயின் இஞ்சின்ல இருந்து ஷாஃப்ட் வழியா சுத்துது. முன்னால கீழ தள்ளுறதும் குளிர்ந்த காத்து, பின்னால வர்ற சூட்டை இன்டேக் பக்கம் விடாம அதுவே தடுத்துரும். 2001ல அதோட சோதனை வடிவமான எக்ஸ்-35பி ஒரே பறப்புல கொஞ்ச தூரம் ஓடி ஏறி, ஒலி வேகம் தாண்டி, செங்குத்தா இறங்குச்சு. ஹாரியரால லெவல் ஃப்ளைட்ல ஒலி வேகத்தைத் தொடவே முடியல, அதுக்காக இந்தச் சுமையைத் தாராளமா சுமக்கலாம்.